மேல் கடைவாய்ப் பல்லில் நான்காவது கால்வாய் தவறிப்போகும் இடங்கள்

செங்கோட்டையில் உள்ள என் பல் மருத்துவமனைக்கு ஆரியங்காவு கணவாய் தாண்டி வந்த ஓர் அம்மாள், "வேர் சிகிச்சை செஞ்சு ஒரு வருஷமாச்சு டாக்டர், சூடா கட்டன் சாயா குடிச்சா இப்பவும் அந்தப் பல்லுதான் தெறிக்குது" என்றார். கூழ், அதாவது பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள மென்திசு, நீக்கிய பல் சூட்டுக்கு வலித்தால், நீக்காத கூழ் எங்கோ மிச்சமிருக்கிறது என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். எக்ஸ்ரேயில், வேருக்குள் கூழ் இருக்கும் குழல்களான கால்வாய்கள் மூன்றும் நுனிவரை அழகாக அடைபட்டிருந்தன. அந்த அழகைப் பார்த்து நானும் முன்பு ஏமாந்திருக்கிறேன்.

மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று, ஆகவே கால்வாயும் மூன்று என்று கணக்கை முடித்துவிடுவதே பெரிய தவறு. கன்னப்பக்கத்து முன்வேரான மீசியோபக்கல் வேரில் இரண்டாவது கால்வாய் இருப்பதே பெரும்பாலான பற்களின் இயல்பு.

பல்லை முக்கோணமாகத் திறந்தால் அந்த இரண்டாவது கால்வாயின் வாய் கண்ணில் படாது. முதல் கால்வாயின் வாயிலிருந்து அண்ணப்பக்கமாக 1 முதல் 3 மில்லிமீட்டர் தள்ளி, அண்ணக் கால்வாயை நோக்கிப் போகும் கோட்டுக்குச் சற்று முன்புறமாக அது இருக்கும். அதன்மேல், எனாமலுக்கு அடியில் உள்ள கடினத் திசுவான டென்டின் ஒரு திண்ணைபோல் நீண்டு மூடியிருக்கும். ஆகவே திறப்பைச் சாய்சதுரமாக்கி, வெளிர்நிறத் திண்ணையை நுண்ணதிர்வில் இயங்கும் அல்ட்ராசானிக் முனையால் பொறுமையாகச் சுரண்டி, கறுத்த தளத்தில் ஓடும் பள்ளத்தைத் தொடர வேண்டும். அவசரப்பட்டுத் தளத்தையே குடைந்தால் வேர்கள் பிரியும் இடத்தில் ஓட்டை விழும். அந்த அம்மாளின் பல்லில் கூழைக் கரைக்கும் சோடியம் ஹைபோகுளோரைட் திரவத்தைத் தேக்கிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, கோலி சோடாபோல் ஒரே புள்ளியிலிருந்து குமிழ்கள் எழுந்தன.

வாய் கிடைத்ததும் 15ஆம் எண் ஃபைலை (கால்வாயைச் சுரண்டும் ஊசி போன்ற கருவி; எண் கூடினால் தடிமனும் கூடும்) அழுத்திச் செலுத்துவது இன்னொரு தவறு. தொடக்கத்திலேயே கால்வாய் முன்புறமாக வளைவதால் சுவரில் படி விழுந்துவிடும். 8 அல்லது 10ஆம் எண்ணே போதும்.

நேர் எக்ஸ்ரே ஒன்றை மட்டும் நம்பினால் இரு கால்வாய்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒன்றாகவே தெரியும். குழாயைக் கிடைமட்டமாக 20 டிகிரி அளவுக்குத் திருப்பி எடுத்த படத்தில், ஃபைல் வேரின் நடுவில் இல்லாமல் ஒதுங்கி நின்றால் துணைக்கு இன்னொன்று உண்டு என்று கொள்ளலாம். சந்தேகம் தீராதபோது சிறிய பரப்புக்கு மட்டும் சிபிசிடி எனும் முப்பரிமாண எக்ஸ்ரே எடுக்கலாம்; எல்லாப் பல்லுக்கும் எடுப்பது வீண் செலவு, வீண் கதிர்வீச்சு.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் பின்வேரின் இரண்டாவது கால்வாயையும், சிலருக்கு நாக்குப் பக்கம் தனியாக முளைக்கும் மூன்றாவது வேரையும் இதே கண்ணோடு தேட வேண்டும்.