ஆஸ்பத்திரிப் பணம் எந்த வேட்பாளருக்குப் போனது? கணக்கில் தேடும் வழி

கும்பகோணமோ மன்னார்குடியோ, உங்கள் தொகுதி வேட்பாளருக்கு மருத்துவத் துறையினர் கொடுத்த தேர்தல் நிதியைத் தேட முதலில் போக வேண்டியது கலெக்டர் ஆபீஸ் தேர்தல் பிரிவு. முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை அங்கே கொடுத்தாக வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலில் முடிவு மே 2, கெடு ஜூன் 1. கணக்கைப் பார்க்கக் கட்டணம் ஒரு ரூபாய், நகலுக்குத் தனி.

அந்தக் கணக்கில் அட்டவணை 7 சொந்தப் பணம், 8 கட்சி கொடுத்தது. நமக்கு வேண்டியது 9: தனிநபர், கம்பெனி, சங்கம் தந்த நன்கொடையும் கடனும். கூடவே வங்கிக் கணக்கு விவரத்தையும் கேளுங்கள். ஒருவரிடம் ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பதால் பெரிய தொகை வங்கி வழியாகத்தான் வர வேண்டும்.

ஒன்பது காலியாக இருந்தால் பணமே வரவில்லை என்று எழுந்து வந்துவிடாதீர்கள். சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 2021 தேர்தலில் 30.8 லட்சம், 2022-லிருந்து 40 லட்சம்; கட்சிக்கு வரம்பே இல்லை. கட்சிக்குக் கொடுத்தால் வரிக்கழிவு உண்டு, வேட்பாளருக்குக் கொடுத்தால் கிடையாது. விவரமான ஆடிட்டர் எதைச் சொல்வார்?

எனவே அடுத்து, தேர்தல் ஆணைய இணையதளத்தில் கட்சிகளின் நன்கொடை அறிக்கை. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயர், முகவரி இருக்கும். நிதியாண்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. மார்ச்சில் கொடுத்தது 2020-21 அறிக்கையில், ஏப்ரலில் கொடுத்தது 2021-22-ல். இரண்டையும் எடுங்கள். 2019 ஏப்ரல் முதல் 2024 பிப்ரவரி வரை, வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுத்த தேர்தல் பத்திரங்களின் பட்டியலும் உண்டு. வாங்கியவர், பெற்ற கட்சி இரண்டையும் பத்திர எண்ணை வைத்து இணைக்கலாம். ஹைதராபாத் யசோதா மருத்துவமனையின் 162 கோடி வெளியே வந்தது அந்தப் பட்டியலில்தான்.

ஆஸ்பத்திரிப் பெயரை மட்டும் தேடினால் கைக்கு எதுவும் வராமல் போகலாம். அறக்கட்டளை கட்சிக்குக் கொடுத்தால் அதன் வரிவிலக்குக்கே ஆபத்து. கம்பெனி என்றால் தொடங்கி மூன்றாண்டு முடிந்திருக்க வேண்டும், சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம்தான் உச்சம் (தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 2024 தீர்ப்புக்குப் பின் இது மீண்டும் அமலில்). அதனால் அறங்காவலர், இயக்குநர், அவர்கள் வீட்டார் பெயர்களை முதலில் பட்டியல் போடுங்கள். இனிஷியல் முன்னும் பின்னும் புரண்டு வரும், முகவரிதான் காட்டிக்கொடுக்கும். தஞ்சை மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரே கதவு எண்ணில் கிளினிக்கும் ஸ்கேன் சென்டரும் இருந்தால் இரண்டையும் குறியுங்கள்.

அமெரிக்காவில் இந்த வேலை சுலபம்: டாக்டர் சங்கத்துக்கே பதிவான நிதிக்குழு உண்டு, ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 5,000 டாலர் வரை, எல்லாம் வெளியில்.

பொருளாக வந்ததையும் விடாதீர்கள். வேட்புமனு போட்ட பிறகு வேட்பாளர் படத்தோடு கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தால் பந்தல், மருந்து எல்லாம் அவர் செலவில் ஏற வேண்டும். போட்டோவைத் தேதியோடு வைத்துக்கொண்டு, வேட்பாளர் செலவைத் தேர்தல் அதிகாரிகளின் செலவினக் குழு தனியாகக் குறித்துவைக்கும் நிழல் பதிவேட்டில் அது ஏறியதா என்று கேளுங்கள்.