துபாய்க்கு வரும் திருநெல்வேலிக்காரர்களே, முதலில் பேரைப் பாருங்கள்

என் மனைவிக்கு எங்கள் பக்கத்து அம்மன் பேர். இசக்கியில் தொடங்கும். தெருவுக்கு நாலு இசக்கி உள்ள ஊரில், அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று யாரும் யோசித்ததில்லை. பாஸ்போர்ட்டில் முதலெழுத்து ‘ஈ’ (E), திருமணப் பதிவுச் சான்றிதழில் ‘ஐ’ (I). அவளுக்கு விசா எடுக்கப் போனபோது, துபாயில் விண்ணப்பம் அடித்துத் தரும் டைப்பிங் சென்டர் பையன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது ரெண்டு ஆளுல்லா” என்றான். சான்றிதழை ஊரில் திருத்தி, மறுபடி அட்டெஸ்டேஷன் (அரசு அலுவலகங்களின் சான்று முத்திரை) முடித்து வர மூன்று மாதம் ஆனது.

அதனால்தான் வேலை, கடை, குடும்பம் என்று எந்த வழியில் வந்தாலும் முதலில் பேரைப் பாருங்கள் என்கிறேன். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம். 2022 நவம்பரில், ஒற்றைப் பேர் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட், சுற்றுலா விசாவோடு வருபவர்களை விடமாட்டோம் என்று அமீரகம் அறிவித்தது. பிறகு, உள்பக்கத்தில் அப்பா பேர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. இருந்தாலும் ஏர்போர்ட் கவுன்டரில் நின்று அதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட, திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே சர்நேமை ஏற்றிவிடுவது நல்லது.

சரி, வேலைக்கு வருபவர்கள். பத்தாவது தேறாதவர்களுக்கு இ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக இந்திய அரசின் அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட் இருக்கும். அவர்கள் இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளம் வழியாக அனுமதி வாங்கித்தான் அமீரக வேலைக்குப் புறப்பட வேண்டும். அப்படி வந்தால் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் சேர்ந்துவிடும். ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்திய அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ஆளெடுக்கும் செலவும் விசாச் செலவும் முதலாளியுடையது என்பது அமீரகச் சட்டம். ஒன்றரை லட்சம் கேட்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. நம் ஆட்கள் அதை விட்டுவிட்டு மச்சானுக்குத் தெரிந்த ஏஜெண்டைத்தான் தேடுகிறார்கள்.

ஆஃபர் லெட்டரில் ‘பேசிக்’ (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 2,000 திர்ஹம் என்று பெரிதாகப் போட்டு, பேசிக் 800 என்று கீழே இருக்கும். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி கணக்கு அந்தப் பேசிக்கில்தான்: முதல் ஐந்து வருடம் வரை, வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். ஒரு வருடம்கூட முடிக்காவிட்டால் ஒன்றும் கிடையாது. அமீரக மனிதவள அமைச்சகம் வேலை ஒப்பந்தத்துக்கு வைத்திருக்கும் மொழிகளில் தமிழும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி தப்பு.

விசிட்டில் வந்து வேலை தேடலாம், வேலை பார்க்கக் கூடாது. “ரெண்டு மாசம் ஓட்டு, அப்புறம் விசா அடிக்கலாம்” என்கிறவரை நம்பாதீர்கள். நாள் தாண்டினால் தினம் 50 திர்ஹம் அபராதம், அது உங்கள் தலையில்தான் விழும். வேலை விசாவில் இறங்கியவர்களுக்கு மெடிக்கல், கைரேகை, எமிரேட்ஸ் ஐடி (அமீரக அடையாள அட்டை) எல்லாம் முடிக்க 60 நாள் இருக்கிறது. மெடிக்கல் என்பது ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும்தான்.

கடை போட வருபவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஜூனிலிருந்து பெரும்பாலான தொழில்களுக்கு கம்பெனியின் 51 சதவீதப் பங்கை உள்ளூர் அரபிக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஃப்ரீ ஸோன் (தனி விதிகள் உள்ள வணிகப் பகுதி) லைசென்ஸ் மலிவு என்று வாங்கிவிட்டு, துபாயின் கடைத்தெருப் பகுதியான தேராவில் மளிகைக் கடை திறக்க முடியாது. தெருவில் கடை என்றால் மெயின்லேண்ட் (ஃப்ரீ ஸோனுக்கு வெளியே உள்ள பகுதி) லைசென்ஸ். வருட விற்பனை 3,75,000 திர்ஹமைத் தாண்டினால் 5 சதவீத வாட்டுக்கு (மதிப்புக் கூட்டு வரி) பதிவு செய்தாக வேண்டும். லாபம் அதே தொகையைத் தாண்டினால், தாண்டியதற்கு 9 சதவீத வரி. இரண்டும் ஒரே எண் என்பதால் நம் அண்ணாச்சிமார் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

குடும்பத்தை அழைக்க, சம்பளம் 4,000 திர்ஹம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி தங்குமிடமும். துபாய் என்றால் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எஜாரியில் (துபாய் அரசின் வாடகைப் பதிவு) பதிய வேண்டும். பெட் ஸ்பேஸில் (பகிர்ந்த அறையில் வாடகைக்கு ஒரு கட்டில்) இருந்துகொண்டு குடும்ப விசா கேட்க முடியாது. மகனுக்குக் கல்யாணமாகாமல் இருந்தால் 25 வயது வரை விசா எடுக்கலாம். கல்யாணமாகாத மகளுக்கு வயது வரம்பு இல்லை. குழந்தை இங்கே பிறந்தால் 120 நாளுக்குள் விசா எடுத்துவிடுங்கள். திருமணச் சான்றிதழுக்கு ஊரில் ‘அப்போஸ்டில்’ (பல நாடுகள் ஏற்கும் ஒரே சான்று முத்திரை) அடித்துத் தருகிறேன் என்பார்கள். அது அமீரகத்தில் செல்லாது. மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக இங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று முத்திரை வரிசையாக விழ வேண்டும்.

குடும்பம் திருவனந்தபுரத்தில் ஏறும் முன் பெட்டியை ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அல்வா, கருப்பட்டி, வத்தல் எல்லாம் வரட்டும். குருமாவுக்கென்று அத்தை கட்டிக்கொடுத்த கசகசாப் பொட்டலம் மட்டும் வரக் கூடாது. இங்கே அது போதைப்பொருள் வழக்கு.