சென்னையில் மாலை, சிட்னியில் நள்ளிரவு: தொலைதூர நேரங்களைக் கணக்கிட்டுக் கூட்டம் குறிக்கும் முறை

"அமெரிக்கா நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது" என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது நியூயார்க், கனடாவின் டொராண்டோ போன்ற, வட அமெரிக்காவின் கிழக்கு நேர மண்டலத்தில் உள்ள நகரங்களுக்கு மட்டும், அதுவும் நவம்பர் தொடங்கி மார்ச் வரையில் மட்டும் பொருந்தும் கணக்கு. மற்ற மாதங்களில் அது ஒன்பதரை மணி நேரம். சான் பிரான்சிஸ்கோவுக்கோ அது எப்போதுமே பொருந்தாது. ஊருக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை மனப்பாடம் செய்யும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வோர் ஊரும் குறிப்பிட்ட அந்தத் தேதியில் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்கும் பழக்கத்துக்கு மாறுவதே, நேரம் குறிப்பதில் நேரும் பிழைகளுக்கு நம்பகமான மருந்து என்பது என் உறுதியான கருத்து.

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையே இதற்கு அடிப்படை; பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், 82.5ஐ 15ஆல் வகுத்தால் ஐந்தரை கிடைக்கும். இலங்கையும் இன்று இதே நேரத்தைத்தான் கடைப்பிடிக்கிறது. ஆனால் 1996 மே மாதத்திலிருந்து 2006 ஏப்ரல் வரை அங்கே அரசு நேரம் வேறாக இருந்தது என்பதை, அந்தக் காலத்துப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு ஜாதகம் கணிப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரும் மலேசியாவும் 8 மணி நேரமும், துபாய் 4 மணி நேரமும் முன்னால் இருக்கின்றன. இந்த நாடுகளில் ஆண்டு முழுவதும் மாற்றம் இல்லை.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும் ஊர்களுக்கு இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். லண்டன் குளிர்காலத்தில் உலகப் பொது நேரத்தோடு ஒன்றியும், கோடையில் ஒரு மணி நேரம் முன்னாலும் இருக்கும். பாரிஸ், பெர்லின், ஜூரிக், ஆஸ்லோ ஆகியவை குளிர்காலத்தில் 1, கோடையில் 2 மணி நேரம் முன்னால். டொராண்டோவும் நியூயார்க்கும் குளிர்காலத்தில் 5, கோடையில் 4 மணி நேரம் பின்னால். சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் 8, கோடையில் 7 மணி நேரம் பின்னால். சிட்னியும் மெல்பர்னும் அவர்களுடைய குளிர்காலத்தில் 10, கோடையில் 11 மணி நேரம் முன்னால். தென்கோளத்தின் கோடை அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது என்பதால், வடக்கே கடிகாரம் பின்னே போகும் பருவத்தில் தெற்கே அது முன்னே போகிறது.

கணக்கிடும் விதம்

முதலில் உங்கள் நேரத்தை 24 மணி நேர முறையில் எழுதுங்கள், அதிலிருந்து 5.30ஐக் கழித்தால் உலகப் பொது நேரம் கிடைக்கும். அதனோடு அடுத்த ஊரின் எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள். கடைசியாகக் கிழமையும் தேதியும் மாறினவா என்று பாருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். ஜூலையில் சென்னை நேரம் சனிக்கிழமை அதிகாலை 3.00 மணி என்று கொள்வோம். மூன்றிலிருந்து ஐந்தரையைக் கழிக்க முடியாது என்பதால் 24ஐக் கூட்டி, 27.00 கழித்தல் 5.30 என்று எடுத்தால் 21.30 வருகிறது. 24ஐக் கடன் வாங்கியதால் அது முந்தைய நாளான வெள்ளிக்கிழமைக்கு உரியது. டொராண்டோவின் கோடை எண்ணான 4ஐக் கழித்தால் 17.30, அதாவது வெள்ளிக்கிழமை மாலை 5.30. அதேபோல் விடை 24ஐத் தாண்டினால் 24ஐக் கழித்துவிட்டு அடுத்த நாளுக்குப் போக வேண்டும்.

அவசரத்துக்கு மனக்கணக்கு வழி ஒன்றும் உண்டு. முற்பகலைப் பிற்பகலாகவும், பிற்பகலை முற்பகலாகவும் புரட்டிக்கொண்டு, டொராண்டோவுக்குக் கோடையில் இரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஒன்றரை மணி நேரமும் கூட்டினால் போதும்; சான் பிரான்சிஸ்கோவுக்குக் கோடையில் அரை மணியும் குளிர்காலத்தில் ஒன்றரை மணியும் கழிக்க வேண்டும். சென்னையில் இரவு 8.00 என்றால் கோடையில் சான் பிரான்சிஸ்கோவில் அதே நாள் காலை 7.30. தொலைபேசியில் ஒருவரை அழைக்கலாமா என்று தீர்மானிக்க இது போதுமானது. கூட்டத்துக்கு நேரம் அறிவிக்கும்போது முழுக் கணக்கையும் எழுதிப் பார்ப்பதே நல்லது.

கடிகாரம் மாறும் வாரங்கள்

கோடை நேரத்துக்கு எல்லா நாடுகளும் ஒரே நாளில் மாறுவதில்லை என்பதுதான் சிக்கலின் வேர். அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து, நவம்பர் முதல் ஞாயிறன்று பழைய நிலைக்குத் திரும்புகின்றன. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் மார்ச் கடைசி ஞாயிறன்று மாறி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்புகின்றன. சிட்னியும் மெல்பர்னும் அக்டோபர் முதல் ஞாயிறன்று முன்னே வைத்து, ஏப்ரல் முதல் ஞாயிறன்று பின்னே வைக்கின்றன. நாட்டின் பெயரை மட்டும் கேட்டு நேரம் சொல்லிவிடவும் முடியாது: ஆஸ்திரேலியாவிலேயே பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலம் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அமெரிக்காவில் ஹவாயும், அரிசோனாவின் பெரும்பகுதியும், கனடாவில் சஸ்காட்சுவான் மாநிலத்தின் பெரும்பகுதியும் மாற்றுவதில்லை.

இதனால் 2026ஆம் ஆண்டில் மார்ச் 8 முதல் ஏப்ரல் 5 வரையும், அக்டோபர் 4 முதல் நவம்பர் 1 வரையும் உள்ள நான்கு நான்கு வாரங்கள் தனிக் கவனம் கேட்பவை. மார்ச் 8க்கும் 29க்கும் இடையே டொராண்டோ மாறியிருக்கும், லண்டன் மாறியிருக்காது. வழக்கமாக ஐந்து மணி நேரமாக இருக்கும் அவற்றின் இடைவெளி அந்த மூன்று வாரங்களில் நான்காகச் சுருங்கும். இந்தியாவில் கடிகாரம் அசையாததால், இங்கிருப்பவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணில் படுவதே இல்லை. எதிர்முனையில் இருப்பவர் ஒரு மணி நேரம் முன்போ பின்போ வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. மாறுகிற அந்த ஞாயிறுகளின் பின்னிரவில் எதையும் குறிக்காமல் இருப்பதும் நல்லது: மார்ச் 8 அன்று டொராண்டோவில் அதிகாலை 2.30 என்ற நேரமே இருக்காது. நவம்பர் 1 அன்று அதிகாலை 1.30 இரண்டு முறை வரும்.

ஒரு கூட்டத்தைக் குறித்துப் பார்ப்போம்

ஒரே கல்லூரியில் படித்து இன்று ஆறு ஊர்களில் வாழும் நண்பர்கள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை சென்னை நேரம் மாலை 6.30க்கு இணையத்தில் கூடுவதாக வைத்துக்கொள்வோம். உலகப் பொது நேரத்தில் அது 13.00 மணி. 2026 ஜூலை 18 அன்று கணக்கிட்டால், சான் பிரான்சிஸ்கோவில் காலை 6.00, டொராண்டோவில் காலை 9.00, லண்டனில் பிற்பகல் 2.00, சிங்கப்பூரில் இரவு 9.00, சிட்னியில் இரவு 11.00. மேற்கே இருப்பவர் சற்று முன்னதாக எழவேண்டும், கிழக்கே இருப்பவர் சற்றுத் தாமதமாக உறங்கவேண்டும். ஆறு ஊர்களுக்கும் ஓரளவு தாங்கக்கூடிய நேரம்தான்.

அதே மாலை 6.30ஐப் பொங்கலை ஒட்டி 2027 ஜனவரி 16 சனிக்கிழமைக்கு எடுத்துச் செல்லுங்கள். டொராண்டோவில் காலை 8.00, லண்டனில் பிற்பகல் 1.00 என்பவை பரவாயில்லை. சான் பிரான்சிஸ்கோவில் அதிகாலை 5.00 ஆகிவிடுகிறது, சிட்னியிலோ நள்ளிரவு 12.00, கிழமையும் ஞாயிறாகிவிடுகிறது. இந்திய நண்பர்களைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை. சிட்னிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஜூலையில் 17 மணி நேரமாக இருக்கும் இடைவெளி ஜனவரியில் 19ஆக விரிவதால், இரு ஊர்களுக்கும் பொதுவான விழிப்பு நேரம் நகர்ந்துவிடுகிறது. இத்தகைய குழுக்களில் எல்லோருக்கும் உகந்த ஒரே நேரத்தைத் தேடி அலைவதைவிட, ஒரு மாதம் கிழக்குக்கு வசதியாகவும் மறுமாதம் மேற்குக்கு வசதியாகவும் மாற்றி வைப்பதே நியாயம். எப்போதும் ஒரே ஆளை நள்ளிரவில் உட்கார வைத்தால் அவர் மெல்ல மெல்ல வராமல் போய்விடுவார்.

தொடர்ந்து நடக்கும் வகுப்புக்கோ கூட்டத்துக்கோ எந்த ஊரின் கடிகாரம் அடிப்படை என்பதை முதலிலேயே முடிவு செய்து எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். நேரத்தை நகர்த்த முடியாதவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும் பாட்டு ஆசிரியை டொராண்டோ பிள்ளைகளுக்கு வாரநாள்களில் வகுப்பு எடுத்தால், பிள்ளைகளின் பள்ளி நேரம் அசையாது. ஆகவே டொராண்டோ மாலை 7.30 என்று நிலைநிறுத்திவிட்டு, ஆசிரியை கோடையில் மறுநாள் காலை 5.00 மணிக்கும் குளிர்காலத்தில் 6.00 மணிக்கும் வகுப்பைத் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கைப்பேசி நாட்காட்டியில் பதியும்போது "ஜிஎம்டி கழித்தல் 5" (ஜிஎம்டி என்பது இங்கே உலகப் பொது நேரத்தையே குறிக்கும்) போன்ற எண்ணைத் தேர்ந்தெடுக்காமல், டொராண்டோ, கொல்கத்தா என்று ஊர்ப்பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஊர்ப்பெயருக்குப் பின்னால் அந்த ஊரின் கோடை நேர விதிகள் முழுவதும் இருக்கின்றன. வெறும் எண்ணுக்கு அந்த அறிவு கிடையாது. பல பட்டியல்களில் இந்தியா முழுமைக்கும் கொல்கத்தா என்ற பெயரே இருப்பதால், சென்னையைக் காணவில்லை என்று குழம்ப வேண்டாம். அரசுகள் இந்த விதிகளைத் திடீரென்று மாற்றுவதும் உண்டு: மெக்சிகோ 2022இல் பெரும்பாலான பகுதிகளில் கோடை நேரத்தையே கைவிட்டது, லெபனான் அரசு 2023 மார்ச்சில் கடைசி நேரத்தில் மாற்றத்தைத் தள்ளிவைத்துச் சில நாள்களிலேயே அந்த முடிவைத் திரும்பப் பெற்றதால், நாட்டுக்குள்ளேயே இரண்டு நேரங்கள் ஓடின. எனவே கைப்பேசி மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதியே.

அறிவிப்பு எழுதும்போது

ஐஎஸ்டி என்று எழுதினால் அது இந்தியாவையும் குறிக்கும், இஸ்ரேலையும் அயர்லாந்தையும் குறிக்கும். பிஎஸ்டி (BST) என்பது பிரிட்டனின் கோடை நேரமாகவும் இருக்கலாம், வங்கதேச நேரமாகவும் இருக்கலாம். சுருக்கங்களைத் தவிர்த்து, ஊர், தேதி, கிழமை, பொழுது, மணி என்ற ஐந்தையும் எழுதுங்கள். "சென்னை: ஜூலை 18, சனிக்கிழமை, மாலை 6.30, சிட்னி: ஜூலை 18, சனிக்கிழமை, இரவு 11.00" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் படிப்பவர் எந்தக் கணக்கும் போடத் தேவையில்லை.

நம்மிடையே இன்னொரு குழப்பமும் உண்டு. நம் மரபில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குவதால், "வெள்ளிக்கிழமை இரவு 2 மணி" என்று சொல்பவர் பெரும்பாலும் சனிக்கிழமை அதிகாலையைத்தான் குறிக்கிறார். கணினி அதை வெள்ளிக்கிழமை அதிகாலை என்று எடுத்துக்கொள்ளும். 18ஆம் தேதி 1.40 மணி என்று விமானச் சீட்டில் இருந்தால், 17ஆம் தேதி இரவே விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். நள்ளிரவு 12.00 மணியைக் கெடுவாக வைப்பதற்குப் பதில் இரவு 11.59 என்று தேதியுடன் எழுதினால் இந்தச் சந்தேகமே எழாது.

பஞ்சாங்கக் கணக்குகளில் எதை மாற்ற வேண்டும், எதை மாற்றக்கூடாது என்று வெளிநாட்டுத் தமிழர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ராகு காலம் அந்தந்த ஊரின் பகல்பொழுதை எட்டாகப் பங்கிட்டு வருவது. சென்னையின் திங்கட்கிழமை 7.30–9.00ஐ லண்டன் நேரத்துக்கு மாற்றுவதில் பொருளில்லை. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம் நீள்வதால் ஒரு பங்கே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும், அதை உள்ளூர் சூரிய உதயத்திலிருந்து கணிக்க வேண்டும். திதி அப்படியல்ல. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை விலகுவதே ஒரு திதி என்பதால், அது உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் முடிகிறது. சென்னைப் பஞ்சாங்கத்தில் ஜூலை மாதச் சனிக்கிழமை காலை 7.40க்கு ஒரு திதி முடிந்தால், டொராண்டோவில் அது வெள்ளிக்கிழமை இரவு 10.10க்கே முடிந்துவிடும். தந்தையின் திதியை அங்கே கொடுப்பவர்கள் இந்த நேரத்தை முதலில் உள்ளூர் நேரமாக மாற்றிக்கொண்டு, சடங்குக்கு உரிய பகல்பொழுதில் அங்கே எந்தத் திதி நடக்கிறது என்று பார்த்த பிறகே நாளை முடிவு செய்ய வேண்டும்.