இறைச்சிப் பொட்டலமும் நொறுக்குத்தீனியும்: தொழில் வளரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பதப்படுத்திய இறைச்சியையும் நொறுக்குத்தீனியையும் பொட்டலமிட்டு விற்கும் சிறு நிறுவனங்கள் பல, கேட்டரிங் தொழிலிலோ வீட்டுச் சமையலறையிலோ தொடங்கி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் போன்ற தொழிற்பேட்டைகளில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, பிறகு சூப்பர் மார்க்கெட்டுகளின் ஆர்டர்களைப் பிடித்து வளர்கின்றன. நாளொன்றுக்கு 100 கிலோ சரக்கு செய்தவரை, உரிமையாளர் தம் கண்ணாலேயே எல்லாவற்றையும் சரிபார்த்துவிட முடிந்தது. அதுவே 1,000 கிலோ ஆகும்போது, அவர் கண்ணுக்கு எட்டாத இடங்கள் தொழிற்சாலைக்கு உள்ளேயும் வெளியேயும் உருவாகிவிடுகின்றன. இந்தத் தொழிலில் நேரும் பெரும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே அந்த இடங்களில்தான் பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

அவற்றுள் மிகப் பரவலானது, கையில் உள்ள பணத்தையெல்லாம் உற்பத்தி இயந்திரங்களில் போட்டுவிட்டு, குளிரைக் காக்கும் வேலையை விநியோகஸ்தரின் பொறுப்பில் விட்டுவிடுவதாகும். உறைய வைத்த இறைச்சிப் பொருள் தொழிற்சாலையிலிருந்து வாடிக்கையாளரின் கைக்குப் போகும்வரை மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். பொரித்து எடுத்த நகெட்ஸை வேகமாக உறைய வைக்கும் பிளாஸ்ட் ஃப்ரீசர் வாங்காமல், சாதாரண டீப் ஃப்ரீசரிலேயே அடுக்கி வைப்பவர்கள் உண்டு. அது உறைந்த பொருளைக் காப்பதற்கான பெட்டியே தவிர, சூடான பொருளை உறைய வைப்பதற்கானது அன்று. மெதுவாக உறையும் இறைச்சியில் பெரிய பனிப்படிகங்கள் உருவாகித் திசுக்களைக் கிழித்துவிடும். சமைக்கும்போது நீர் வடிந்து, சதை சக்கையாகிப்போவதற்கு அதுவே காரணம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் சரக்கும் அந்தச் சூட்டில் இளகிவிடும்.

வெளியே நிலைமை இன்னும் கடினம். மே மாத வெயிலில், முன்கூட்டியே குளிரூட்டப்படாத வண்டியில் பெட்டிகளை ஏற்றினால், மாதவரத்தைத் தாண்டுவதற்குள் வெளி வரிசைப் பெட்டிகள் இளகத் தொடங்கிவிடும். மின் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக இரவில் ஃப்ரீசரை அணைத்துவிட்டுப் போகும் கடைகளும் இருக்கின்றன. பொட்டலத்துக்குள் பனித்தூள் சேர்ந்திருப்பதும், நகெட்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடப்பதும், அந்தச் சரக்கு இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்பதற்கான அடையாளங்கள். வாடிக்கையாளர் அந்தக் கடையைக் குறை சொல்ல மாட்டார், பொட்டலத்தின் மேல் உள்ள பெயரைத்தான் சொல்வார். ஆகவே புதிய கடையைச் சேர்க்கும் முன், விற்பனைப் பிரதிநிதி அந்தக் கடையின் ஃப்ரீசருக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். வெப்பநிலையைத் தானாகவே பதிவு செய்யும் சிறு கருவிகளை அவ்வப்போது சரக்குப் பெட்டிகளோடு அனுப்பினால், குளிர் எந்த இடத்தில் அறுந்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. குளிர் சரியாக நிற்காத கடைகளை, எவ்வளவு விற்றாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது.

மின்சாரத்தையும் இதோடு சேர்த்தே எண்ண வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலுக்குப் பிறகு நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது. அது தரைமட்டத்திலிருந்து உயர்ந்த மேடையில் இருக்கிறதா, சாலை துண்டிக்கப்பட்டால் எத்தனை நாளுக்கு டீசல் கையிருப்பில் இருக்கும் என்பவற்றை அக்டோபருக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது சுகாதாரம். உற்பத்தி பெருகும்போது அதே கூடத்தில் புதிய இயந்திரங்களை இடுக்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. பச்சை இறைச்சி வரும் வழியும், வெந்த பொருள் போகும் வழியும் அப்போது ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. சாசேஜ், சலாமி போன்றவற்றை வேக வைத்த பின்னர் நறுக்கிப் பொட்டலமிடுகையில் தொற்றும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா, குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையிலும் பெருகும் இயல்புடையது. கனடாவின் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் பெரும் நிறுவனம். 2008-இல் டொரான்டோவிலிருந்த அதன் தொழிற்சாலையில் தயாரான இறைச்சியால் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நறுக்கும் இயந்திரங்களின் உட்பகுதியில், வழக்கமான கழுவுதல் எட்டாத ஆழத்தில் கிருமி தங்கியிருந்திருக்கக்கூடும் என்று பின்னர் கண்டறியப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் 2017-18-இல் போலோனி என்ற சமைத்த இறைச்சிப் பொருள் வழியாகப் பரவிய இதே கிருமிக்கு இருநூறுக்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது நம் நாட்டில் உற்பத்தி உரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. அந்த ஒரு சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொண்டு நிம்மதியடைவது தவறு. தரை வடிகால், நறுக்கும் கத்தியின் இடுக்கு, கூரையில் நீர் கோக்கும் இடம், தள்ளுவண்டியின் சக்கரம் ஆகியவற்றிலிருந்தும் பஞ்சால் ஒற்றி எடுத்து அடிக்கடி சோதிக்க வேண்டும். பச்சை இறைச்சிப் பகுதியில் வேலை செய்பவர் அதே உடுப்போடும் காலணியோடும் வெந்த பொருள் இருக்கும் அறைக்குள் நுழைய இயலாதபடி வாசலையே மாற்றி அமைக்க வேண்டும். வெறும் அறிவிப்புப் பலகையால் இது நடக்காது. கிருமிச் சோதனைத் திட்டம் வகுப்பதற்கு வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் இறைச்சித் தொழில்நுட்ப வல்லுநர்களை அணுகலாம். இவ்வளவு அருகில் இருந்தும் அந்த அறிவை நம்மவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இறைச்சியும் நொறுக்குத்தீனியும் ஒரே நிறுவனத்தின் பெயரில் வரும்போது இன்னொரு தவறு நேர்கிறது, இதை நான் மன்னிக்க முடியாததாகவே கருதுகிறேன். கோழி ஸ்ட்ரிப்ஸ் பொரித்த எண்ணெயில், அல்லது அதே மசாலா தூவும் உருளையில், காரச்சேவையும் முறுக்கையும் செய்து பச்சை வட்டக் குறியோடு விற்பதுதான் அது. அந்த முறுக்கைப் பூஜையில் படைப்பதற்காக வாங்கும் குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனையோ இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறைப்படி சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணமும் அச்சிடப்பட வேண்டும், அந்தக் குறி உண்மையாக இருக்க வேண்டுமானால் இரண்டுக்கும் தனித்தனி இயந்திரங்களும், கூடுமானால் தனித்தனிக் கட்டடங்களும் தேவை. எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது அது சிதைந்து உருவாகும் பொருள்களான மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதை மேலும் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. நிறத்தைப் பார்த்து எண்ணெயை மாற்றும் பழக்கத்தை விட்டு, அளவுமானியால் சோதித்து நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும்.

நகரத்துக்குள் 45 நாள் காலாவதிக் கெடு போட்டு விற்ற மிக்சருக்கு, வெளிமாநில ஆர்டர் வந்தவுடன் 4 மாதக் கெடு அச்சிடுவதும் இப்படிப்பட்டதே. உறையின் தன்மை, உள்ளே நிரப்பும் நைட்ரஜன், எண்ணெய் சிக்குப் பிடிக்கும் வேகம் ஆகியவற்றைச் சென்னையின் ஈரக்காற்றில் வைத்துச் சோதிக்காமல் கெடுவை நீட்டக் கூடாது.

கொள்முதலுக்கு வருவோம். 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் எழும்பூருக்கு வந்த சுமார் 2,000 கிலோ இறைச்சி பிடிபட்டபோது, அது நாய் இறைச்சி என்ற வதந்தி ஊரெங்கும் பரவியது. ஆட்டிறைச்சிதான் என்று கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனை தெளிவுபடுத்துவதற்குள், அந்த ரயிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத இறைச்சிக் கடைகளின் வியாபாரமும் அடிபட்டுவிட்டது. அப்படி ஒரு நாளில், இந்தப் பொட்டலத்துக்குள் இருக்கும் இறைச்சி எந்த அறுவைக்கூடத்திலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்பதை பேட்ச் எண்ணைக் கொண்டு சில மணி நேரத்துக்குள் காட்ட முடிந்த நிறுவனத்துக்கே பேச வாய்ப்புண்டு. ஆனால் பண்டிகை நேரத்துத் தட்டுப்பாட்டில், கிடைத்தவரிடமெல்லாம் வாங்கி ஒரே அரைவையில் கலந்துவிடும்போது இந்தக் கணக்கு சிதைந்துவிடுகிறது. சந்தையிலிருந்து சரக்கைத் திரும்பப் பெறுவதற்கு 2017-இலிருந்தே தனி ஒழுங்குமுறை உள்ளது. ஆண்டுக்கு இரு முறையாவது ஒரு பேட்ச்சைத் தேர்ந்தெடுத்து, அது எந்தெந்தக் கடைகளில் உள்ளது என்று ஒத்திகை பார்த்தால், பதிவேட்டிலுள்ள ஓட்டைகள் தெரிந்துவிடும்.

புரட்டாசியை மறந்து உற்பத்தித் திட்டம் போடுபவர்களும் உண்டு. அந்த மாதத்தில் இறைச்சி விற்பனை குறையும், கோழி விலை இறங்கும். மலிவாக இருக்கிறதே என்று வாங்கி உறைய வைத்தால், தீபாவளிக்கான நொறுக்குத்தீனிக்கு மூலப்பொருள் வாங்க வேண்டிய பணம் கிடங்கில் முடங்கிக் கிடக்கும்.

ஒரே தொழிற்சாலையை நம்பி நிற்பதன் அபாயத்துக்கு அமெரிக்காவின் ஸ்லிம் ஜிம் என்ற உலர் இறைச்சித் தின்பண்டம் சான்றாகும். அதைத் தயாரித்த கோனாக்ரா நிறுவனத்துக்குக் கார்னர் என்ற ஊரிலிருந்த ஆலையில், 2009 ஜூன் 9 அன்று, நீர்சூடேற்றி பொருத்தும் பணியின்போது எரிவாயு கட்டடத்துக்குள்ளேயே வெளியேற்றப்பட்டதால் வெடிவிபத்து ஏற்பட்டுத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்தத் தின்பண்டம் அங்கே மட்டுமே தயாராகி வந்ததால் கடைகளில் தட்டுப்பாடும் உண்டாயிற்று. விரிவாக்க வேலை நடக்கும் நாள்களில் உற்பத்தியை நிறுத்தி ஆட்களை வெளியேற்றுவதற்குத் தயங்கவே கூடாது. சிறு நிறுவனம் இரண்டாவது ஆலையைக் கட்ட இயலாது என்றாலும், அதிகம் விற்கும் ஒன்றிரண்டு பொருள்களையேனும் உரிமம் பெற்ற வேறோர் ஆலையில் செய்து வாங்க ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம்.

உரிமத்தைப் பற்றி ஒரு சொல். தொழில் விதி குறிக்கும் அளவைத் தாண்டும்போது ஆலை, மாநில உரிமத்துக்குப் பதிலாக மத்திய உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற வேண்டும். புதிய இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் நாளிலேயே அதற்கு விண்ணப்பித்துவிடுவது நலம்.

இறுதியாகப் பணப் புழக்கம். கறிக்கோழியின் பண்ணை விலை பல்லடத்திலிருந்து நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது, அதற்கு உடனுக்குடன் பணம் கட்டியாக வேண்டும். சூப்பர் மார்க்கெட்டோ ஆண்டு முழுவதும் ஒரே விலையைக் கேட்டு, இரண்டு மாதம் கழித்துப் பணம் தருகிறது. இந்த நிலையில் விற்பனை இரட்டிப்பானால் கடனும் இரட்டிப்பாகும். உத்யம் என்ற மத்திய அரசின் தொழில் பதிவைப் பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதால், அந்தக் கெடுவை விநியோக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். மூலப்பொருள் விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் விற்பனை விலையைத் திருத்தலாம் என்ற விதியும், கடையின் ஃப்ரீசர் நின்றுபோய் இளகிய சரக்கின் நட்டத்தை யார் ஏற்பது என்ற விதியும் அதே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.