பீரோ கதவு மூடாமல் போனபோது

பீரோவில் வேண்டாததைக் கழிக்க உட்காரும்போது எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்டாதீர்கள். பாதியிலேயே அலுத்துப்போய் அப்படியே திரும்ப உள்ளே போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும்.

நான் புடவையை விட்டுவிட்டு ரவிக்கையில் தொடங்கினேன். கொக்கி பூட்டிப் பார்த்தேன். இறுக்கிப் பிடித்தால், பக்கத் தையலின் உட்புறம் பிரித்துவிடத் துணி இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். அரை அங்குலம்கூட இல்லையென்றால் அது இனி சேராது. வேறு ரவிக்கை தைக்காதவரை அந்தப் புடவையையும் கட்டப்போவதில்லை. அதிகம் கழிந்தது இந்தச் சோதனையில்தான்.

குர்த்திகளை ஹேங்கரைத் திருப்பி மாட்டி, உடுத்தியதை மட்டும் நேராக மாட்டினேன். ஆறு மாதமாகியும் திரும்பியே இருந்தவை வெளியே போயின. பட்டுக்கு இந்தக் கணக்கு ஆகாது. அதை மூன்று மாதத்துக்கொருமுறை மடிப்பு மாற்றாவிட்டால் ஜரிகை மடிப்போரமாக இற்றுப்போகலாம். மாற்றி மடிக்க நேரம் போதவில்லையென்றால் பட்டு அதிகம் என்று அர்த்தம்.

வாங்குவதைக் குறைக்க, கைபேசியில் சேமித்த கார்டை நீக்கினேன். புடவை வாட்ஸ்அப் குழுக்களை விட்டு வெளியேறினேன். பிடித்ததைத் தேதியோடு நோட்டில் எழுதி 30 நாள் பொறுக்க வேண்டும். விலைக்குப் பக்கத்தில் ஃபால்ஸ், ஓரம் அடிப்பது, ரவிக்கைத் தையல்கூலி, உள்பாவாடை எல்லாம் எழுதுங்கள். 700 ரூபாய்ப் புடவை இரட்டிப்பாகி நிற்கும்.

கழித்த மூட்டையை அன்றைக்கே கொடுத்தனுப்பிவிடுங்கள். பரணில் ஏற்றினால் திரும்ப இறங்கிவிடும்.