யுனிவர்சிட்டி ஆபீஸ்ல ஒரே செக்‌ஷன்ல தேங்கிடாம பிளானிங், கவர்னன்ஸ் பக்கம் போறது எப்படி

நம்மூர் ஸ்டேட் யுனிவர்சிட்டில அசிஸ்டெண்டா சேந்து, எக்ஸாம் செக்‌ஷன்ல மார்க் ஷீட்டும் தபாலுமா பாத்து பாத்தே சூப்பரிண்டெண்ட் ஆகி அப்படியே ரிட்டயர் ஆகுறவங்க நெறைய. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா ஏ.ஆர். (அசிஸ்டெண்ட் ரெஜிஸ்ட்ரார்), டி.ஆர். (டெபுடி ரெஜிஸ்ட்ரார்) ஆகணும், முடிவு எடுக்குற எடத்துக்குப் பக்கத்துல இருக்கணும்னு ஆசை இருந்தா சீனியாரிட்டிய மட்டும் நம்பி உக்காராதீங்க. நோட் போட, அதாவது ஒரு விஷயத்த முடிவு எடுக்க வசதியா ஃபைல்ல எழுதத் தெரிஞ்ச ஆளத்தான் மேல இருக்கிறவங்க தேடுவாங்க, நான் பாத்த வரைக்கும் இதான்.

மொதல்ல உங்க யுனிவர்சிட்டி சட்டத்த ஒருதடவையாவது முழுசா படிங்க. சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல ஆரம்பிச்சது, ஆனா ஓடுறது 1923 சட்டத்துல. பாரதியார், பாரதிதாசன் ரெண்டுக்கும் 1981 சட்டம், ஸோ பக்கத்து யுனிவர்சிட்டில நடக்குறது நம்மகிட்டயும் நடக்கும்னு நெனைக்கவே கூடாது. எது சிண்டிகேட் (யுனிவர்சிட்டியோட முக்கிய முடிவெடுக்குற குழு) பவர், எது ஃபைனான்ஸ் கமிட்டி வழியா வரணும், எதுக்கு ஸ்டாட்யூட்டயே (சட்டத்துக்குக் கீழ வர்ற விதிகள்) திருத்தி சான்சலர் (வேந்தர்) வரைக்கும் போகணும், வி.சி. (துணைவேந்தர்) அவசர அதிகாரத்துல செஞ்சத எப்ப சிண்டிகேட்ல வைக்கணும், இந்த நாலும் தெரிஞ்சா பாதி கெணறு தாண்டியாச்சு.

அடுத்து அஜெண்டா நோட், அதாவது சிண்டிகேட் மாதிரி மீட்டிங்ல வைக்கிற விஷயத்துக்கான குறிப்பு. ஹாஸ்டல் டெபாசிட்ட ஏத்தணும்னு வைங்க. கடைசியா எப்ப ஏத்துனாங்க, அப்போ எந்த மீட்டிங்ல எந்த நம்பர் தீர்மானம், இப்ப எந்தப் பிரிவு படி பவர் இருக்கு, பணம் எந்தக் கணக்குத் தலைப்புல (ஹெட்) வரும், ஏத்தலன்னா என்ன ஆகும், எல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்குள்ள. கடைசில டிராஃப்ட் தீர்மானத்தையும் நீங்களே எழுதிடுங்க, ஏன்னா ஹையர் எஜுகேஷன் செக்ரட்டரி, ஃபைனான்ஸ் செக்ரட்டரி இல்ல அவங்க சார்பா வர்றவங்க உக்காந்திருக்கிற மீட்டிங்ல வாசகத்த யாரும் உக்காந்து யோசிக்க மாட்டாங்க. நான் ஒருதடவை பழைய தீர்மான நம்பர தப்பா போட்டுட்டேன், ஒரு மெம்பர் அதையே புடிச்சுக்கிட்டாரு, ஐட்டம் டிஃபர் ஆகி அடுத்த மீட்டிங்குக்குப் போச்சு, அதுக்கப்புறம் மூல மினிட்ஸ எடுத்துப் பாக்காம ஒரு நம்பர் கூட போடுறதில்ல. பழைய மினிட்ஸுக்கு நீங்களாவே ஒரு இண்டெக்ஸ் போட்டு வச்சுக்கோங்க, யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஆறு மாசத்துல "அது எப்ப முடிவாச்சு"ன்னு ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல இருந்து உங்களுக்குத்தான் போன் வரும்.

பிளானிங் பக்கம்னா டேட்டா தான் வேலையே. ஏஐஎஸ்ஹெச்இ (உயர்கல்வி சர்வே), என்ஐஆர்எஃப் (தரவரிசை), நாக் (தர அங்கீகாரம்) மூணும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்ததான் கேக்கும், ஆனா கேக்குற விதம் வேற. ஏஐஎஸ்ஹெச்இ ஒரு குறிப்பிட்ட தேதி நிலவரம் கேக்கும், மத்தது அதே தேதிய கேக்காது, கெஸ்ட் லெக்சரர எதுல எப்படி காட்டுறதுங்கறதும் ஒவ்வொரு ஃபார்ம்ல ஒவ்வொரு மாதிரி. மூணு செக்‌ஷன் மூணு நம்பர் அனுப்பி, நாக் டேட்டாவ சரிபாக்குற கட்டத்துல விளக்கம் கேட்டு வரும்போதுதான் எல்லாரும் முழிப்பாங்க. நீங்க ஒரு எக்செல் போடுங்க: நம்பர், எந்தத் தேதி நிலவரம், யாரையெல்லாம் சேத்தது, யார் கொடுத்தது, ஃபைல் நம்பர். அவ்ளோதான், பெரிய சாஃப்ட்வேர்லாம் வேணாம். ஐக்யூஏசில (யுனிவர்சிட்டிக்குள்ள இருக்கிற தர உறுதிப் பிரிவு) உதவிக்கு ஆள் கேட்டா கை தூக்கிடுங்க, எக்ஸ்ட்ரா வேலை தான், சம்பளம் ஏறாது, ஆனா நாக் பாக்குறதுல கவர்னன்ஸும் ஒண்ணு, மொத்த யுனிவர்சிட்டியும் எப்படி ஓடுதுன்னு அங்க இருந்து தான் தெரியும். லோக்கல் ஃபண்ட் ஆடிட் (அரசோட கணக்குத் தணிக்கைத் துறை) போட்ட பழைய அப்ஜெக்‌ஷன்களையும் படிங்க, எதுல மாட்டுவோம்னு அத விட நல்லா யாரும் சொல்லித்தர முடியாது.

தகுதி விஷயம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்குல ஏ.ஆர்.க்கு முதுகலைல 55 சதவீதம், டி.ஆர்.க்கு அதோட ஏ.ஆர். லெவல்ல 5 வருஷம், ரெஜிஸ்ட்ராருக்கு 15 வருஷ நிர்வாக அனுபவம், அதுல 8 வருஷம் டி.ஆர். லெவல்ல. டீச்சிங் வழியாவும் வரலாம்ங்கறதால ரெஜிஸ்ட்ரார் சீட்டுல பெரும்பாலும் புரொஃபசர் தான் உக்காருறாரு, அது நமக்கு எரிச்சல் தான், என்ன பண்றது. 55 இல்லன்னா தொலைதூரக் கல்வில இன்னொரு முதுகலை இப்பவே போட்டுடுங்க. உங்க சர்வீஸ் ரூல்ல டிபார்ட்மெண்டல் டெஸ்ட் இருந்தா தள்ளிப்போடாதீங்க. டெல்லில இருக்கிற நீப்பாங்கற தேசிய கல்வி நிறுவனத்துல கல்வித் திட்டமிடல், நிர்வாகத்துக்குன்னே டிப்ளமோ இருக்கு, ஆபீஸ்ல டெப்யூட் பண்ணச் சொல்லி கேட்டுப் பாருங்க.

வெளிய அப்ளை பண்றப்போ அனுபவச் சான்றிதழ்ல வெறும் பதவிப் பேர் மட்டும் இருந்தா பத்தாது, பே லெவலும் என்ன வேலை பாத்தீங்கன்னும் எழுதி வாங்குங்க. அட்வான்ஸ் காப்பிய முதல்ல நேரா அனுப்பிட்டு ப்ராப்பர் சேனல்ல, அதாவது உங்க ஆபீஸ் வழியா, ஒண்ணு போடுங்க. அதுக்கு ஆபீஸ் தர்ற என்ஓசி (ஆட்சேபணை இல்லைச் சான்று) ஃபைல் எந்த டேபிள்ல கெடக்குன்னு நீங்களே தான் தேடிப் போகணும், அதுக்குன்னு ஒரு மாசம் தனியா ஒதுக்கிக்கோங்க.