கிளாம் வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

கிளாம்னா கடல் தொட்டியில வளக்குற பெரிய சிப்பி. நீலமும் பச்சையுமா மின்னுற அந்த சதைய பாத்ததும் கை பரபரங்கும், தெரியும். ஆனா ரீஃப் டேங்க் (பவளம் வளக்குற உப்புத் தண்ணி தொட்டி) போட்டு ஒரு வருஷமாவது ஆகலன்னா இப்ப வேணாம், தண்ணி இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு ஆடுற டேங்க்ல கிளாம் நிக்காது.

வகைய மொதல்ல பாருங்க. குரோசியா 15 செ.மீ. சுத்தி நின்னுடும், கலரும் அள்ளும், ஆனா லைட் பசி அதுக்குத்தான் ஜாஸ்தி, மேக்சிமாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். டெராசா கொஞ்சம் பொறுத்துக்கும், ஆனா 50 செ.மீ. வரைக்கும் வளரும்ங்கிறத மறந்துடாதீங்க. ஜைகஸ் 1 மீட்டர தாண்டி 200 கிலோவுக்கு போற ஆளு, வீட்டு டேங்க்ல அந்த நெனப்பே வேணாம்.

கிளாமோட சதைக்குள்ள இருக்குற பாசிதான் வெளிச்சத்த வாங்கி அதுக்கு சோறு போடுது, அதனால லைட் வீக்கா இருந்தா மெதுவா பட்டினி கெடந்தே சாகும். அதுக்குன்னு வந்த அன்னிக்கே நேரா லைட்டுக்கு அடியில வச்சாலும் வெளுத்துடும், 2-3 வாரம் எடுத்து மெல்ல ஏத்துங்க.

டெம்பரேச்சர் 25-26 டிகிரி, உப்பு 1.025 (தண்ணியோட அடர்த்தி அளவு), ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8-9 dKH, கால்சியம் 420 ppm பக்கத்துல. ஓடு கட்டவே ஆல்கலினிட்டி, கால்சியம் ரெண்டும் வேணுங்கிறதால வாராவாரம் டெஸ்ட் பண்ணுங்க. நைட்ரேட்ட பூஜ்யமாக்கி பெருமைப்படாதீங்க, அந்த பாசிக்கும் கொஞ்சம் வேணும். மீன் நோய்க்கு போடுற காப்பர் மருந்து பக்கமே போகாதீங்க, கிளாமுக்கு அது விஷம்.

இப்ப முக்கியமான மேட்டர், அடியில இருக்குற கால். அதுலேர்ந்து நூல் மாதிரி விட்டு பாறைய புடிச்சுக்கும், புடிச்சத இழுத்தீங்கன்னா உள்ள சதையோட பிஞ்சு வந்துடும், அப்புறம் கிளாம் பொழைக்கிறது கஷ்டம். நான் ஒருதடவ இடம் மாத்துறேன்னு இழுத்து, பத்தே நாள்ல ஒரு நல்ல மேக்சிமாவ காலி பண்ணிருக்கேன். நகத்தியே ஆகணும்னா பிளேடால பாறைய ஒட்டி நூல மட்டும் அறுங்க. அதவிட, மொதல்லயே ஒரு சின்ன தட்டக் கல்லு மேல உக்கார வச்சிடுங்க, பின்னாடி கல்லோட தூக்கிக்கலாம். டெராசாவுக்கு மணலே போதும்.

கை நிழல் விழுந்ததும் சட்டுனு சுருங்குதா, நல்லாருக்குன்னு அர்த்தம், சதை ஓரம் பூரா குட்டி குட்டி கண்ணு அதுக்கு. ஓட்டு ஓரத்துல புதுசா வெள்ளக்கோடு தெரிஞ்சா வளருது. நிழல கண்டுக்காம வாய பொளந்துட்டே கெடந்தா சிக்கல், உடனே தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, ஏஞ்சல் ஃபிஷ் பட்டர்ஃபிளை ஃபிஷ் எதாவது கொத்துதான்னும் பாருங்க.

அதெல்லாம் சரியா இருந்தும் நாளுக்கு நாள் சுருங்குதுன்னா ராத்திரி லைட் அணைஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு டார்ச் எடுத்துட்டு போங்க. அரிசி சைஸுக்கு வெள்ளையா நத்தை ஓட்டு ஓரத்துலயும் கால் பக்கத்துலயும் ஒட்டிருக்கும், ரத்தம் உறிஞ்சுற பய. டூத் பிரஷால தேய்ச்சு எடுங்க, ஜெல்லி மாதிரி இருக்குற முட்டையையும் சேத்து. அடுத்த சில வாரத்துக்கு இதே வேலைதான், ஒருதடவ தேச்சதோட போகாது.